பக்கத்துக்கு ஒன்று குறைந்த லட்சத்தெட்டு

என் மாமாவுக்கு,

உங்கள் லாரிச் சத்தம் புதன்சந்தைத் திருப்பத்தில் கேட்டதும் உலையில் அரிசி போட்டே பழகிய உங்கள் சரசு எழுதுகிறேன். நீங்கள் போய் வருசம் திரும்ப இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் திதி. அதற்குள் உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். தப்பு என்னுடையது. கையெழுத்து மட்டும் உங்களுடையது.

முதலில் வீட்டுச் சேதி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. முருங்கை மரம் காற்றில் பாதி முறிந்தும் காய்க்கிறது. நம் மகள் கவிதா வாரம் தவறாமல் பரமத்தி வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து போகிறாள். வந்தால் சமைப்பாள், துணி துவைப்பாள், எனக்கு மாத்திரை எடுத்து வைப்பாள். சாமி ரூமுக்குள் மட்டும் வருவதில்லை. உங்கள் காரியம் முடிந்த நாளிலிருந்து அவள் விளக்கேற்றவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எனக்குப் பின்னால் இதை எடுத்துப் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டுமே என்பதற்காக நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இன்னொரு தடவை கேளுங்கள்.

ஏழு வருசத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் போய், சேலத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தேன். அப்போது நீங்கள் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர்ப் பக்கம் இருந்தீர்கள். லோடை இறக்காமல் திரும்ப வழியில்லை. அங்கே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, அனுமாரை நினைத்து, ஸ்ரீராமஜெயம் லட்சத்தெட்டு எழுதி வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டீர்கள். நான் கண் விழித்த பிறகு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தீர்கள்.

“லட்சத்தெட்டு எழுதறதாச் சொல்லிப்போட்டேன் கண்ணு.”

“ஏனுங் மாமா, லட்சத்தெட்டுன்னா எவ்வளவுன்னு தெரியுமுங்களா? நூத்தெட்டு, ஆயிரத்தெட்டுன்னு சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

“நீ கெடந்த கெடைக்கு ஆயிரத்தெட்டெல்லாம் பத்தாது சாமி. கையில இருந்ததுலயே பெரிய நம்பராச் சொன்னேன்.”

எனக்குச் சிரித்தால் தையல் வலிக்கும். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடந்த நாட்களில் எனக்கு அந்த எண்ணே துணை. நான் படித்தது எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் கவிதா படித்து முடித்துப் போட்ட கணக்குப் புத்தகங்களை அடுப்படியில் வைத்து நானே படித்துக்கொண்டது. தினக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 1,00,008. இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது. ஆக ஒன்பதில் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் எட்டு, ஆக எட்டிலும் வகுபடும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சாமி காரியம் எல்லாம் நூற்றெட்டுதானே, ஒரு பக்கத்துக்கு நூற்றெட்டு என்று வைத்தால் எத்தனை பக்கம் வரும்?

வகுத்தேன். 926. மிச்சம் ஒன்றுமில்லை.

என்னால் நம்ப முடியவில்லை. ஆயிரத்தெட்டை நூற்றெட்டால் வகுத்துப் பார்த்தேன், முப்பத்தாறு மிச்சம் வந்தது. பத்தாயிரத்தெட்டை வகுத்தால் எழுபத்திரண்டு மிச்சம். ஒரு பூஜ்யம் கூடக் கூட மிச்சம் முப்பத்தாறு முப்பத்தாறாக ஏறுகிறது. மூன்றாவது படியில் மூன்று முப்பத்தாறு சேர்ந்து நூற்றெட்டாகிவிடுவதால் மிச்சமே இல்லை. மேலே போனேன். பத்து லட்சத்து எட்டில் மறுபடி முப்பத்தாறு மிச்சம். கோடியே எட்டில் எழுபத்திரண்டு. பத்துக் கோடியே எட்டில் மறுபடியும் ஒன்றுமில்லை. விடை 9,25,926. அந்த விடையின் வாலில் என் 926 அப்படியே உட்கார்ந்திருந்தது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. நீங்கள் ஓடி வந்து அடுப்பை அணைத்துவிட்டு, “என்ன சாமி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கறே?” என்றீர்கள். நான் தாளைக் காட்டினேன். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எனக்கு இது வெளங்காது. ஆனா நான் கண்ணை மூடிட்டுச் சொன்ன நம்பரு சுத்தமா வகுபடுதுன்னா, அது நான் சொன்னதில்ல, அவரு சொல்ல வெச்சது” என்று மேலே கையைக் காட்டினீர்கள்.

அந்தக் கணக்கின் மேல் எனக்கு வந்த கர்வம்தான், மாமா, எல்லாவற்றுக்கும் காரணம்.

நீள நோட்டு, இருநூறு பக்கம், ஐந்து வாங்கினோம். பக்கத்துக்கு அகலத்தில் ஆறு கட்டம், நீளத்தில் பதினெட்டு வரி, ஆக நூற்றெட்டுக் கட்டம். ஸ்கேல் வைத்து நானே கோடு போட்டுத் தந்தேன். ஓரத்தில் ஒரு நூல் இடம் விடவில்லை. முதல் கட்டம் தாளின் தலையிலேயே தொடங்கியது. அவ்வளவு கச்சிதமாக இருக்க வேண்டும் எனக்கு.

ஆறு வருசம் எழுதினீர்கள். லோடு ஏற்ற வரிசையில் நிற்கும்போது, செக்போஸ்டில் காத்திருக்கும்போது, மழையில் ரோடு அடைபட்டபோது. குளிக்காமல் தொட மாட்டீர்கள். கைலி மாற்றி, நெற்றியில் விபூதி வைத்து, ஸ்டியரிங் மேல் பலகையைப் போட்டு எழுதுவீர்கள் என்று உங்களுடன் வண்டியில் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முடிந்த நோட்டை மஞ்சள் துணியில் கட்டி என்னிடம் தருவீர்கள். வேண்டுதல் எழுதி முடித்த நோட்டைச் சாமியிடம் வைக்கும் முன்னால் அடுத்தவர் பிரிக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். நானும் பிரித்ததில்லை. போன வருசம் ஐப்பசியில் ஐந்தாவது நோட்டின் நூற்றிருபத்தாறாம் பக்கத்தை முடித்துவிட்டு, “ஆச்சு சரசு. மார்கழி அனுமன் ஜெயந்திக்கு நாம ரெண்டு பேரும் தலையில தூக்கிட்டுப் போறோம்” என்றீர்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, துண்டைக் கொடியில் போடக் கை தூக்கினீர்கள். அவ்வளவுதான்.

வருசம் திரும்பும்வரை கோயில் வாசல்படி மிதிக்கக் கூடாது என்பதால் நோட்டுகள் சாமி ரூமிலேயே இருந்தன. பத்து நாளைக்கு முன்னால் மூட்டையில் பூச்சி ஓடுவதைப் பார்த்தேன். அரித்துவிடுமே என்று பயந்து, உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மஞ்சள் துணியை அவிழ்த்தேன். வெயிலில் விரித்து வைத்து, உங்கள் எழுத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் பக்கம். முதல் கட்டம். அதில் உ என்று பிள்ளையார் சுழி. இரண்டாவது கட்டத்திலிருந்து ஸ்ரீராமஜெயம்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதிலும் முதல் கட்டத்தில் பிள்ளையார் சுழி. அதற்கடுத்ததிலும்.

எந்தத் தாளில் எழுதினாலும் தலையில் சுழி போடாமல் நீங்கள் தொடங்க மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாதா? மளிகைச் சீட்டுக்கும் சுழி போடுகிற மனுசர். அதற்கு ஓர் இடம் விட வேண்டும் என்று கோடு போட்ட எனக்குத் தோன்றவில்லை. இடம் இல்லாததால் முதல் கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள்.

ஐந்து நாள் உட்கார்ந்து அத்தனை பக்கத்தையும் எண்ணினேன். எங்காவது ஒன்றிரண்டு கூட எழுதியிருக்க மாட்டீர்களா என்ற ஆசை. வண்டி குலுங்கிய இடத்தில் எழுத்துக் குலுங்கியிருக்கிறது. ஓர் இடத்தில் டீக்கறை. மூன்றாவது நோட்டில் நாலு பக்கம் பச்சை மை. ஆனால் எல்லாப் பக்கமும் நூற்றேழு. கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆக மொத்தம் 99,082. லட்சத்தெட்டுக்கு 926 குறைவு. சுத்தமாக வகுபட்டது என்று நான் கூத்தாடிய அதே 926.

நீங்கள் எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா மாமா? தெரிந்தும், சரசு மனசு சங்கடப்படும் என்று சொல்லாமல் விட்டீர்களா? இல்லை, சரசு கணக்கு தப்பாது என்று எண்ணாமலேயே இருந்துவிட்டீர்களா? இதில் எது எனக்கு ஆறுதல் என்று எனக்கே தெரியவில்லை.

சாமி தண்டிக்கும் என்ற பயம் எனக்கில்லை. அப்படிப்பட்ட சாமியை நான் கும்பிடவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன சொல் தவறாதவர். யார் வீட்டு விசேசத்துக்கும் வருகிறேன் என்றால், பெங்களூரில் இருந்தாலும் வந்து நிற்பீர்கள். அப்படிப்பட்டவர் என் உயிருக்காகச் சொன்ன ஒரு சொல், நான் போட்ட கோட்டினால் நிறையாமல் நிற்கிறதே. அதைத் தாங்க முடியவில்லை.

நம் ஊர் அனுமார் கோயிலுக்குப் போய், உள்ளே நுழையாமல், வாசல் வேப்பமரத்தடியில் நின்று பட்டரிடம் கேட்டேன். பொறுமையாகக் கேட்டார். “பிள்ளையார் சுழியும் சாமிக்குப் போட்டதுதானேம்மா. அதையும் சேர்த்து எண்ணிக்கோங்கோ. லட்சத்தெட்டு ஆயிடறது. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கோ” என்றார். நல்ல மனுசர். கும்பிட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் யோசித்தேன். நீங்கள் நாக்பூர் ரோட்டில் நின்று பிள்ளையார் சுழி போடுகிறேன் என்று சொல்லவில்லை. ராமன் பேரை எழுதுகிறேன் என்று சொன்னீர்கள். அருளுக்குக் கணக்கில்லைதான். ஆனால் எண்ணிக்கை சொல்லி வேண்டிக்கொண்டால் எண்ணிக்கைக்குக் கணக்கு உண்டு.

குறைந்த 926-ஐ நானே எழுதி முடிப்பது என்று தீர்மானித்தேன். திதிக்குள் முடிய வேண்டும். தினமும் விளக்கு வைத்ததும் உட்கார்ந்து, ஒரே அளவாக, ஒரு நாள் கூடாமல் ஒரு நாள் குறையாமல் எழுத வேண்டும் என்று ஆசை. இனி கோணலாக ஒன்றும் நடக்கக் கூடாது என்று மனசு பிடிவாதம் பிடித்தது.

இருபது நாளுக்கு வகுத்தேன், ஆறு மிச்சம். பதினெட்டுக்கு எட்டு மிச்சம். பதினான்குக்கு இரண்டு மிச்சம். சரி, முதலில் பாதியாக்குவோம் என்று 463 ஆக்கினேன். அதை உடைக்கப் பார்த்தேன். இரண்டு, மூன்று, ஆறு, ஏழு, பதினொன்று, எதில் வகுத்தாலும் ஒன்றே ஒன்று மிச்சம் நிற்கிறது. ஐந்தில் மூன்று மிச்சம். பதின்மூன்றில் எட்டு. பதினேழில் நாலு. பத்தொன்பதில் ஏழு. இருபத்தொன்றை இருபத்தொன்றால் பெருக்கினால் 441, இருபத்திரண்டை அதாலேயே பெருக்கினால் 484. 463 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆகவே இருபத்தொன்றுக்குள் எதுவும் நுழையவில்லை என்றால் அதற்கு மேலும் எதுவும் நுழையாது. பகா எண். புத்தகத்தில் அந்தப் பெயரைப் படித்தபோது, யாருக்கும் பங்கு கொடுக்காத எண் என்று வேடிக்கையாக நினைத்திருக்கிறேன். இப்போது அது என் எதிரில் உட்கார்ந்துகொண்டு அசைய மாட்டேன் என்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கவிதா வந்தாள். கூடத்தில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “என்னங்கம்மா, பரீட்சைக்கா படிக்கறீங்க?” என்றாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“லாரி புக்கிங் ஆபீஸ் மாதிரி, பக்கத்துக்கு ஒண்ணு பிள்ளையார் கமிசன் புடிச்சிருக்காருங்கம்மா!”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் இதையே வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பீர்கள்.

“சும்மா இரு கண்ணு. தொள்ளாயிரத்து இருபத்தாறையும் சமமாப் பிரிக்க முடியல, அதான் ரோசனை.”

“ஒரு நாள் கூட, ஒரு நாள் கொறையா எழுதுனா என்னவாமா? அவரு என்ன டிரிப் சீட்டா கேக்கப்போறாரு?”

“எனக்குச் சமமா இருக்கோணும்.”

“ஆமா, நீங்க சமமாக் கோடு போட்டுத்தான் இந்த வெனையே வந்துச்சு.”

சுருக்கென்றது. ஆனால் உண்மை. பென்சிலைக் கீழே வைத்தேன். பிறகு அவளே குரல் மாறிக் கேட்டாள்.

“அப்பா லட்சம் தடவை கூப்புட்டாரேம்மா. அந்தச் சாமி ஒருக்கா திரும்பிப் பாத்திருந்தா என்ன?”

இதே கேள்வியைத்தான் பதினாறாம் நாளும் கேட்டாள். தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

“அவரு தனக்காகக் கூப்புடல கண்ணு. எனக்காகக் கூப்புட்டாரு. நான்தான் உன்ற எதுர்ல உக்காந்திருக்கறனே.”

“அதுதாங்கம்மா எனக்கு ஆத்திரமே. தனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கலாமில்ல.”

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. நான் வகுத்தல் தாளை மடித்து வைத்துவிட்டேன். கிளம்பும் நேரத்துக்குத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். 463 என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“தொள்ளாயிரத்து இருபத்தாறு ரெண்டால மட்டும் வகுபடுதில்லீங்களா?”

“ஆமா.”

“அப்ப ஒரு பாதிய எனக்குக் குடுங்க.”

நான் அவளையே பார்த்தேன்.

“அப்படிப் பாக்காதீங்கம்மா. சாமிக்காக இல்ல. எனக்கு இன்னும் கோவந்தான். அப்பா சொன்ன சொல்லு அந்தரத்துல நிக்கக் கூடாது, அதுக்காவ. எப்ப முடிப்பேன்னு மட்டும் கேக்காதீங்க. தோணறப்ப எழுதுவேன். குளிச்சனா, வெளக்கு வெச்சனான்னும் கேக்கக் கூடாது.”

ஐந்தாவது நோட்டில் மிச்சமிருந்த வெற்றுத் தாள்களில் பாதியைக் கிழித்துக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “வாரேங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரோட்டில் பஸ் நிற்கும் சத்தமும் கிளம்பும் சத்தமும் கேட்டது.

மாமா, அந்த எண்ணிடம் நான் எத்தனை நாள் மல்லுக்கட்டினேன். தினத்துக்கு இத்தனை என்று பிரித்து, தனியாக உட்கார்ந்து, ஒருத்தியாகவே முடித்துவிட வேண்டும் என்று. அதுவோ இரண்டு பேருக்குத்தான் பிரிவேன், அதற்கு மேல் உடைய மாட்டேன், ஆளுக்கொரு பங்கை அவரவரே முழுசாகச் சுமக்க வேண்டும் என்று அடம்பிடித்தது. இதைச் சாமி செயல் என்று சொன்னால் கவிதா சிரிப்பாள். கணக்கு என்று சொன்னால் நான் முழுசாக நம்ப மாட்டேன்.

என் பங்கில் இன்று காலை தொடங்கி நாற்பது எழுதியிருக்கிறேன். எழுத்து கட்டத்துக்கு வெளியே போகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். திதிக்குள் என் பாதி முடிந்துவிடும். அவள் பாதி திதிக்குள் வருமா, மார்கழிக்குள் வருமா, அடுத்த மார்கழியா, எனக்குத் தெரியாது. கோபத்தோடு எழுதினால் ஒவ்வொரு பேருக்கும் நேரம் ஆகும். ஆகட்டும். அதுவரை உங்கள் நோட்டுகள் சாமி ரூமில் உங்கள் படத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கும்.

ஆகவே உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வாழ்நாளெல்லாம் பால்காரர் ஊற்றின பாலையும், வண்ணானுக்குப் போட்ட துணியையும், கோழி வைத்த முட்டையையும் எண்ணி எண்ணிக் குறித்து வைத்தவள் நான். உங்கள் மகள் என்றைக்கு வந்து அந்தத் தாள்களை என் கையில் கொடுத்தாலும், அவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க மாட்டேன். மேலே அவள் சுழி போட்டிருக்கிறாளா என்றும் பார்க்க மாட்டேன். அப்படியே மஞ்சள் துணியில் உங்கள் எழுத்தோடு சேர்த்துக் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு போய் அனுமார் காலடியில் வைப்பேன். அவள் உள்ளே வராவிட்டால், வேப்பமரத்தடியில் அவள் நிற்கட்டும், நான் மட்டும் உள்ளே போய் வைத்துவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
நீங்கள் கேட்டு வாங்கி வந்த உயிர்,
கவிதாவின் அம்மா,
உங்கள் சரசு